இருமாத பறவை

பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது. என் மச்சினன் எனக்குத் தர வேண்டியிருந்த பணம் அது. பதினெட்டாயிரம், மூன்று கால் வைத்த ஒரு தூரப்பார்வைக் குழாய் வாங்க. அறுநூற்று ஐம்பது, அந்தக் குழாய் மழையில் நனையாமல் இருக்க உறை வாங்க. நான் அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்திருந்தது வீட்டுக்குக் கூரை போடுவதற்கு. சுவர்கள் எழும்பி நிற்கின்றன. மூலைத் தூண்களிலிருந்து கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு துருப்பிடிக்கின்றன. மேலே தகரம், அதன் மேல் பறக்காமலிருக்க நாலு கல். ஆக, என் வீட்டுக்குக் கூரை இல்லை. மச்சினனின் குழாய்க்கு உறை உண்டு.

நான் கான்கிரீட் வேலைக்காரன். கலவைச் சட்டி சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடி முளைக்காத இடம் ஒன்று ஆகிப்போயிருக்கிறது. எத்தனையோ பேர் வீட்டுக்குக் கூரை போட்டிருக்கிறேன். மச்சினன், என் வீட்டுக்காரியின் தம்பி, பறவை காட்டுகிறவன். அப்படி ஒரு தொழில் இருப்பதே அவன் செய்ய ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். நகரத்திலிருந்து ஆட்கள் பணம் கட்டி வருவார்கள். அவர்களை வயல், குளம், மலை என்று கூட்டிக்கொண்டு போய், "அதோ, அந்தக் கிளையில ரெண்டாவது கணுவுல பாருங்க" என்பான். அவர்கள் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். பறவை அங்கேயே இருக்கும். பணம் மட்டும் இவனிடம் வரும். வந்த பணம் என்னிடம் வர மட்டும் வழி தெரியாது.

மழைக்காலம் கிட்டத்தில் வந்துவிட்டது. வீட்டுக்காரி ஒரு நாள் சொன்னாள்: "இந்தத் தடவை அவன் கூடவே போங்க. மூட்டை தூக்குங்க, டீ போடுங்க, என்ன வேணா பண்ணுங்க. காசு அவன் கைக்கு வர்ற இடத்துல நீங்க நிக்கணும். அவன் என் தம்பிதான். அதனாலதான் சொல்றேன்."

போனேன்.

வண்டியில் டிரைவர் தவிர மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் டெலிபோன் அம்மா. வேலை செய்த காலம் முழுக்க டெலிபோன் நிலையத்தில் காதில் மாட்டியபடி உட்கார்ந்து லைன் இணைத்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்றுவிட்டார். தொப்பியைத் தாடையில் நாடா கட்டி வைத்திருந்தார். இன்னொருவர் அவருடைய தம்பி, பல் டாக்டர். ஊரில் உள்ளவர்களை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லித் தன் வாயை மூட மறந்துபோனவர். மூன்றாவது ஒரு கேமராக்காரர். அவர் லென்ஸ் உலக்கை நீளம். அதைக் குழந்தையைப் போல மடியில் படுக்க வைத்திருந்தார். வழி நெடுகப் பேசவில்லை.

"இவர் யாருப்பா, புதுசா?" என்று டெலிபோன் அம்மா என்னைக் காட்டிக் கேட்டார்.

"எங்க மாமாம்மா. அக்கா வீட்டுக்காரர். சாமான் தூக்க வந்திருக்கார்."

"அக்கா வீட்டுக்காரரையா சாமான் தூக்க வைக்கிற?"

"அவரே ஆசைப்பட்டு வந்தார்ம்மா."

நான் தலையாட்டினேன். என்ன ஆசை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வயல்வெளியில் முதல் நிறுத்தம். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு அச்சடித்த தாள் கொடுத்தான். பார்க்கக்கூடிய பறவைகளின் பெயர்கள். மீந்த தாள் ஒன்றை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்கு எழுத்து கூடியது முடி நரைக்க ஆரம்பித்த பிறகு. அதனால் எதைக் கண்டாலும் வாசித்துப் பார்க்கும் புத்தி. மீன்கொத்தி, மரங்கொத்தி, வாலாட்டி, ஆட்காட்டி, பஞ்சுருட்டான். எல்லாம் வேலையை வைத்து வந்த பெயர்கள். எங்கள் இடத்திலும் இப்படித்தான், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங்காரர், தண்ணி ஊத்துற அம்மா. தெரிந்தவர்கள் நடுவே வந்துவிட்டது போல இருந்தது.

அவர்களுடைய முறை எனக்கு வேடிக்கையாக இருந்தது. பறவையைக் கண்ணால் பார்த்தால் தாளில் முழு வட்டம். குரல் மட்டும் கேட்டால் அரை வட்டம். டாக்டர் அரை வட்டங்களை அள்ளி அள்ளிப் போட்டார். எங்கோ ஏதோ கீச்சென்றால் போதும், பேனா இறங்கிவிடும்.

"டேய், அது வண்டிக் கதவுடா," என்றார் அவர் அக்கா.

"கதவுல உக்காந்திருந்த பறவைக்கா."

டெலிபோன் அம்மா தாளில் அரை வட்டமே இல்லை. "நான் முப்பத்தி ரெண்டு வருஷம் வெறும் குரலாவே கேட்டுட்டேன்," என்றார். "யார் முகத்தையும் பார்த்ததில்ல. இனிமே பார்த்தாத்தான் கணக்கு."

எனக்குப் பிடிபடாதது ஒன்றுதான்: அவர்கள் நிற்கிற நிற்பு. நாலு பேர் சும்மா நின்று அண்ணாந்து பார்த்தால் எங்கள் மேஸ்திரி வாளியை உதைப்பார். இங்கே அதற்குத்தான் கட்டணம். மச்சினன் விரலைத் தூக்கினால் எல்லோரும் காலை எங்கே வைத்தார்களோ அங்கேயே உறைந்துபோனார்கள். நானும் தலையிலும் இரண்டு கையிலும் மூட்டையோடு உறைந்து நின்றேன். உறைந்து நின்றால் கேட்கிறது. புல்லுக்குள் ஏதோ நடக்கிறது, தண்ணீரில் ஏதோ விழுகிறது. இத்தனை நாள் இதெல்லாம் என்னைச் சுற்றி நடந்துகொண்டேயிருந்ததா என்று நினைத்தேன்.

"மாமா, நீங்களும் பாருங்க," என்று குழாயைத் திருப்பினான்.

வாங்கிக் கொடுத்ததிலிருந்து அதற்குள் நான் கண் வைத்ததில்லை. கோபம். குனிந்தேன். குளத்து மேட்டில் மீன்கொத்தி. அலகின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். அது விழப்போகிறது, விழப்போகிறது என்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். விழுந்தது. நிமிர்ந்தபோது மச்சினன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி?"

"தேவலை," என்றேன். அவ்வளவு நன்றாக இருந்ததில் கோபம் இன்னும் கூடியது.

மாலையில் மலை ஏறினோம். மேலே ஒரு பழைய ஓய்வு விடுதி. மூன்று அறை, இரும்புக் கட்டில்கள், சமையலறை. படுத்தால் கூரை தெரிந்தது. விரிசல் ஓடுகிற போக்கைப் பார்த்தேன். கம்பி போதவில்லை, கலவையில் தண்ணீர் அதிகம். எவனோ அவசரத்தில் போட்டது. ஆனாலும் கூரை.

இந்த மலைக்கு வந்ததே ஒரு பறவைக்காக. தாளில் கடைசிப் பெயர்: செம்மார்புப் பதுங்கான். கைமுட்டி அளவுதான் இருக்குமாம். தரையோடு தரையாகப் புதருக்குள் நடக்குமாம், வெளியே வராதாம். அதை நம்பித்தான் மச்சினன் விளம்பரம் போட்டிருந்தான்: பதுங்கானைப் பார்க்கலாம், குறைந்தது கேட்கலாம், இரண்டும் இல்லையென்றால் பாதிக் கட்டணம் போதும். பாதி முன்பணமாக வாங்கி வண்டிக்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தாகிவிட்டது. மீதிப் பாதியில்தான் என் கூரை இருந்தது.

மறுநாள் காலை போனோம். மச்சினன் தன் செல்போனில் பதிவு செய்து வைத்திருந்த பதுங்கான் குரலைப் போட்டான். ஓர் ஆண் பறவை தன் இடத்தில் வேறொன்று கத்துவதாக நினைத்துப் பதில் சொல்ல வருமாம். குரல் வேடிக்கையான குரல். சென்ட்ரிங் பலகைக்கு முட்டுக் கொடுக்கிற இரும்புக் கம்பத்தை எண்ணெய் விடாமல் திருகினால் வருமே, கிர்ரீக், கிர்ரீக், டொக். அந்த மாதிரி. போட்டுப் போட்டுப் பார்த்தான். காடு சும்மா இருந்தது. அதற்கடுத்த நாளும் சும்மா இருந்தது.

"கேக்கக்கூட இல்லையே தம்பி," என்றார் டாக்டர், தாளை மடித்துக்கொண்டே. "அரை வட்டத்துக்கும் வழியில்லையே."

"நாளைக்குக் காலையில ஒரு தடவை பார்த்துட்டு இறங்கலாம் சார்."

அன்று பொழுது சாயும்போது நான் சமையலறைப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மச்சினன் வந்து பக்கத்தில் குந்தினான். கையில் சோப்புக்கட்டி அளவில் ஒரு ஸ்பீக்கர்.

"மாமா, நாளைக்கு நீங்க சாமானை வண்டிக்கு எடுத்துட்டுப் போறதா சொல்லிட்டு, மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் உக்காருங்க. நான் இந்தப் பக்கம் குரலைப் போடுவேன். கொஞ்சம் விட்டு நீங்க அந்தப் பக்கம் போடுங்க."

"டேய்."

"கேட்டா அரை வட்டம் மாமா. அரை வட்டம் போதும், மீதி வந்துடும்."

"இது ஏமாத்து வேலைடா."

"பறவை அங்க இருக்கு மாமா. சத்தியமா இருக்கு. கூச்சப்படுது. வேற எதோட குரலையாவது போடச் சொல்றேனா? அதோட குரலைத்தானே."

"அப்ப அது போடட்டும்."

அவன் கரி பிடித்த பானையை என் கையிலிருந்து வாங்கித் தேய்த்தான். "முதல் காசு உங்களுக்கு. அக்கா மேல ஆணை. அவங்க கையில இருந்து என் கை, என் கையில இருந்து உங்க கை. நடுவுல ஒரு இடத்துலயும் நிக்காது."

துருப்பிடித்த கம்பிகளை நினைத்தேன். தகரத்தில் மழை விழுந்தால் வீட்டுக்குள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. "பித்தானைக் காட்டு," என்றேன். குரலை என் செல்போனிலும் ஏற்றி, அதில் அமுக்கினால் ஸ்பீக்கர் கத்தும்படி செய்து கொடுத்தான்.

காலையில் மூட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டு மேட்டைச் சுற்றி மறுபக்கம் இறங்கினேன். பள்ளம். காலுக்கடியில் இலைகள் நனைந்து மெத்தை மாதிரி. பாசி பிடித்த ஒரு கட்டை விழுந்து கிடந்தது. அதன் மேல் ஸ்பீக்கரை வைத்துவிட்டு, கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில் பாறையோடு ஒட்டிக் குந்தினேன். என் செல்போன் மடியில்.

மேட்டுக்கு அப்பாலிருந்து மச்சினனின் குரல், அதாவது பதுங்கானின் குரல் வந்தது. கிர்ரீக், கிர்ரீக், டொக். நான் கொஞ்சம் பொறுத்துப் பித்தானை அமுக்கினேன். கிர்ரீக், கிர்ரீக், டொக். அந்தப் பக்கம் ஒரே அமைதி. டாக்டர் பேனாவைத் தேடுவது எனக்குத் தெரிந்தது போலவே இருந்தது. மறுபடி அவன். மறுபடி நான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மாற்றி மாற்றி ஒப்பித்தோம்.

அப்போது மூன்றாவதாக ஒன்று கேட்டது.

எனக்கு வலப்பக்கம், மிகக் கிட்டத்தில். நான் பித்தானைத் தொடவில்லை. மேட்டுக்கு அப்பாலிருந்தும் வரவில்லை. மச்சினன் இன்னொரு ஆளையும் ஏற்பாடு செய்துவிட்டானோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவனுக்குக் கடன் கொடுத்தவன் நான் ஒருத்தனா என்ன.

ஓர் இலை அசைந்தது. அதன் கீழிருந்து நடந்து வந்தது.

நடந்துதான் வந்தது. பறவை என்றால் பறக்கும் என்று நான் வைத்திருந்த எண்ணத்துக்கு ஒரு பங்கமும் செய்யாத மாதிரி, ஏதோ வேலையாகப் போகிறவன் போல விறுவிறுவென்று வந்தது. உடம்பு ஒரு முட்டி. கால்கள் அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளம். வால் என்று ஒன்று வைக்க மறந்துபோயிருந்தது. கட்டை மேல் ஏறி ஸ்பீக்கர் முன்னால் நின்று பார்த்தது. பின்னால் போய்ப் பார்த்தது. மேலே ஏறி நின்று தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தது. உள்ளே ஒருத்தன் இருக்கிறான், வெளியே வரமாட்டேன் என்கிறான் என்று அது முடிவு கட்டிவிட்டது தெளிவாகத் தெரிந்தது.

நான் பித்தானை அமுக்கினேன். பணத்துக்காக இல்லை. அது என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

காலுக்கடியில் குரல் கேட்டதும் எகிறிக் குதித்தது. மார்பைப் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு கத்தியது. அதற்குள் மேட்டுக்கு அப்பால் மச்சினனும் போட்டான். அது அந்தப் பக்கம் திரும்பிக் கத்தியது. இந்தப் பக்கம் திரும்பிக் கத்தியது. இரண்டு பேர் சேர்ந்து தன் இடத்தைப் பிடிக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டது. கட்டையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. நான் இன்னும் இரண்டு தடவை அமுக்கினேன். மூன்றாவது தடவை அமுக்கப் போகும்போது பார்த்தேன், அதன் வாய் திறந்தபடியே இருந்தது. மூச்சு வாங்கியது. கத்த முடியாமல் நின்றுகொண்டு, ஆனாலும் அந்தப் பெட்டியை விட்டு நகராமல் இருந்தது.

எனக்கு மச்சினன் வீட்டு வாசல் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு வருடமாக நானும் போய்க் கேட்கிறேன். உள்ளே இருப்பான். டீ வரும். பதில் வராது.

அமுக்குவதை நிறுத்தினேன். நிறுத்தினால் மச்சினன் என்ன நினைப்பான், மீதிப் பணம் என்ன ஆகும் என்பதெல்லாம் தெரிந்தே நிறுத்தினேன். அது அவ்வளவு கிட்டத்தில் மூச்சு வாங்குகிறபோது என்னால் முடியவில்லை. எதிராளி அடங்கிவிட்டான் என்று கண்டதும் அது இறக்கையை உதறிச் சரிசெய்துகொண்டு, பெட்டி மேல் ஏறி நின்று, நிதானமாக ஒரு தடவை கத்தியது. கிர்ரீக், கிர்ரீக், டொக். ஜெயித்தவன் குரல்.

அந்த நேரத்தில் மேட்டுக்கு அந்தப் பக்கம் நடந்தது எனக்குப் பிற்பாடு டாக்டர் சொல்லித் தெரியும்.

முதல் பதில் கேட்டவுடனேயே டாக்டர் அரை வட்டம் போட்டுவிட்டார். கேமராக்காரர் லென்ஸைத் தூக்கிவிட்டார். டெலிபோன் அம்மா மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம்.

"தம்பி," என்றாராம் மச்சினனிடம், "உன் செல்லுல இருக்கிற பறவை கத்தி முடிச்சதும் ஒரு தடவை இருமுது. கவனிச்சியா?"

மச்சினன் முகத்தில் ரத்தம் இல்லை. சளி பிடித்திருந்த ஒரு நாளில்தான் அவன் அந்தக் குரலைப் பதிவு செய்தது. டொக் என்று முடிந்ததும் லேசாக ஓர் இருமல். எத்தனையோ நூறு தடவை போட்டுக் கேட்டும் அவன் காதில் பறவை மட்டும்தான் விழுந்திருக்கிறது. எனக்கும் விழவில்லை. சிமெண்ட் தூசியில் வேலை செய்கிறவனுக்கு இருமல் ஒரு சத்தமா?

"அது... நான்தாம்மா இருமினேன்," என்று மச்சினன் தொண்டையைச் செருமிக் காட்டினானாம்.

"நீதான் இருமினேன்னு எனக்குத் தெரியும். எப்ப இருமினேன்னுதான் கேக்கணும். ஏன்னா அந்தப் பக்கத்துல இருக்கிற பறவையும் இருமுது."

"மலைக் குளிர்க்கா," என்றாராம் டாக்டர். "அதுக்கும் சளி பிடிக்காதா?"

அப்போதுதான் நான் நிறுத்தியது. அப்போதுதான் அது தனியாகக் கத்தியது.

டெலிபோன் அம்மா கண்ணைத் திறந்தார். "ரெண்டு இருமுது. ஒண்ணு இருமல. எனக்கு அந்த இருமாததைப் பார்க்கணும்," என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறத் தொடங்கினார். யார் தடுக்க முடியும்?

இது எதுவும் தெரியாமல் நான் குந்தியிருந்தேன். பின்னால் இலை நசுங்குகிற சத்தம். திரும்பினால் டெலிபோன் அம்மா. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தார். என் மடியில் செல்போன். கட்டை மேல் ஸ்பீக்கர். ஸ்பீக்கர் மேல் பறவை. மறைக்க ஒன்றுமே இல்லை. கூரை போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் பெட்டியைப் பாய்ந்து எடுக்கக் கை போனது.

"அதைத் தொடாதீங்க," என்றார், உதடு மட்டும் அசைய. "அது நிக்குது பாருங்க."

என் பக்கத்தில் குந்தினார். முட்டி மடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கவனிக்கவில்லை. பதுங்கான் எங்கள் இரண்டு பேரையும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டிக்குள் இருக்கிறவன் மேல்தான் அதற்குக் கண். அதன் மார்பில் ஒரு கீற்று வெயில் விழுந்தது. தண்ணீர் தெளித்த உடனே உடைந்த செங்கலின் உள்பக்கம் இருக்குமே, அந்த நிறம். கண்ணைச் சுற்றி ஊசியால் தைத்தது போல ஒரு வெள்ளை வளையம்.

டெலிபோன் அம்மாவின் மூச்சில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. கையைப் பின்னால் நீட்டி விரலை மடக்கினார். டாக்டர் வந்து குந்தினார். அவர் வாய் திறந்துதான் இருந்தது, ஆனால் பேச்சு வரவில்லை. கேமராக்காரர் வந்தார். உலக்கையைத் தூக்கிக் கண்ணில் வைத்தார். எதையோ திருகினார். மறுபடி திருகினார். முகம் வெளிறிப்போனது.

"ரொம்பக் கிட்ட இருக்கு," என்று முனகினார். நாலு நாளில் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல். அவ்வளவு நீள லென்ஸுக்குத் தூரத்தில் இருப்பதுதான் தெரியுமாம். மடி மேல் இருப்பது மங்கலாகுமாம். தூரம் கிடைக்கட்டும் என்று ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னும் ஓர் அடி. மூன்றாவது அடிக்கு அங்கே தரை இல்லை.

அவர் புதருக்குள் விழுந்த சத்தத்தில் மேட்டுக் காகங்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. ஸ்பீக்கர் மேல் ஒன்றுமில்லை.

பயந்து மேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்ட மச்சினன் அந்த நேரம் பார்த்துத்தான் ஓடி வந்து சேர்ந்தான். எங்களைப் பார்த்தான், வெறும் கட்டையைப் பார்த்தான். கேமராக்காரரை ஆளுக்கொரு கை பிடித்து இழுத்து வெளியே எடுத்தோம். லென்ஸுக்கு ஒன்றுமில்லை. முழங்கையில் சிராய்ப்பு.

டாக்டருக்கு வாய் திரும்பி வந்தது. "ஏம்ப்பா, நீ செல்லை வச்சு எங்களுக்கு விளையாட்டுக் காட்டினியா? பெரிய மனுஷங்கன்னு ஒரு மரியாதை வேண்டாமா? அக்கா, ஒரு காசு குடுக்கக் கூடாது இவனுக்கு."

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். நான் எழுந்தேன். "நானும்தான் சார் செஞ்சேன். பித்தானை அமுக்கினது நான்," என்றேன்.

டெலிபோன் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்: "நீ இதை எத்தனை தடவை பார்த்திருக்கே தம்பி?"

மச்சினன் ஸ்பீக்கரை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உன்னைத்தான்."

"பார்த்ததில்லம்மா," என்றான். "கேட்டிருக்கேன். பதிவு பண்ணினேனே, அன்னிக்குக் கேட்டேன். அப்புறம் ரெண்டு தடவை கேட்டேன். பார்த்ததில்ல."

"பார்க்காமலா விளம்பரம் போட்ட?"

"என்னிக்காவது பார்த்துடுவேன்னு."

எனக்கே அது புதுச் செய்தி. என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. டாக்டர் கட்டையைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தாயிற்று. கடனுக்குக் காவலாக வந்த நானும் பார்த்தாயிற்று. காட்டக் கூட்டிக்கொண்டு வந்தவன் ஒருத்தன்தான் பார்க்கவில்லை.

"பேசினபடி பார்த்தா முழுசு," என்றார் டெலிபோன் அம்மா. "பார்த்துட்டோம்."

"அக்கா! ஏமாத்தினான்."

"ஏமாத்தப் பார்த்தான்டா. அதுக்குள்ள நிஜம் வந்துடுச்சு. நான் பறவைக்குக் குடுக்கிறேன், இவனுக்கு இல்ல." பிறகு மச்சினன் பக்கம் திரும்பினார். "அந்த இருமல் பாட்டை இப்பவே அழி. அந்த ஜீவன் பட்ட பாட்டை நான் பார்த்தேன். இனிமே பெட்டியைக் காட்டிக் கூப்பிடாதே. வந்தா வரட்டும்."

மச்சினன் எல்லோர் கண் முன்னாலும் அழித்தான். என் செல்போனிலிருந்தும் வாங்கி அழித்தான்.

டாக்டர் தாளை எடுத்து அரை வட்டத்தை முழு வட்டமாக்கினார். டெலிபோன் அம்மாவும் வட்டம் போட்டார். கேமராக்காரர் தன் கேமராவின் பின்பக்கம் பார்த்தபடியே நடந்தார். எனக்கும் காட்டினார்: பழுப்பாக ஒரு புகை. "நாமதான் சாட்சி," என்றேன். சிரித்துவிட்டார்.

வண்டிக்குப் பக்கத்தில் டெலிபோன் அம்மா மூன்று பேருக்கும் சேர்த்து மீதிப் பணம் வைத்த ஓர் உறையை மச்சினன் கையில் வைத்தார். அவன் அதைப் பிரிக்கவில்லை. சொன்னபடியே, நடுவில் ஓரிடத்திலும் நிற்காமல், நேராக என் கையில் வைத்தான். எனக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவன் சட்டைப் பையில் திணித்தேன்.

"உங்க கூலி மாமா?"

"கூலி என்னடா கூலி. வேடிக்கைதான் பார்த்தேன்."

அவன் நகரவில்லை. காலால் கல்லைத் தள்ளிக்கொண்டு நின்றான். "மார்பு எப்படி மாமா இருந்துச்சு? படத்துல காவி மாதிரி போடுறாங்க."

"காவி இல்ல. உடைச்ச செங்கல். உள்பக்கம். ஈரமா இருக்கும்போது."

கண்ணை மூடிக்கொண்டான். "வாலு?"

"வாலே இல்லடா. வைக்க மறந்துட்டாங்க."

"கண்ணைச் சுத்தி வெள்ளையா?"

"வெள்ளை. நூல் கட்டின மாதிரி."

"நடக்குமா, தத்துமா?"

"நடக்கும். மேஸ்திரி மாதிரி."

டெலிபோன் அம்மா வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "போய்ப் பாரேன்ப்பா. இறங்கிப் போக எங்களுக்கு வண்டி இருக்கு, டிரைவர் இருக்கார். நீ எதுக்கு கூட?"

மச்சினன் தோளிலிருந்து குழாயை உறையோடு கழற்றி என்னிடம் கொடுத்தான்.

"இது வேண்டாமா?" என்றேன்.

"அவ்வளவு கிட்ட வரும்னா வெறுங்கண்ணு போதும் மாமா. நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. நான் வந்து வாங்கிக்கறேன்."

கைகளில் ஒன்றும் இல்லாமல் மேட்டில் ஏறினான். போகிறபோது ஒரு தடவை இருமல் வந்தது அவனுக்கு. கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு அடக்கினான்.

வண்டி வளைவுகளில் இறங்கி செல்போனில் சிக்னல் கோடுகள் தெரிந்ததும் வீட்டுக்காரி கூப்பிட்டாள்.

"குடுத்தானா?"

"குடுத்துட்டான்."

"முழுசாவா? அந்த உறைக்கு வாங்கினதும் சேர்த்தா?"

"அதுவும் சேர்த்து. இனி அவன் நமக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல."

தகரத்தில் ஏதோ காற்று மோதுவது போனில் கேட்டது. "எங்க அவன், பக்கத்துல இருக்கானா?"

"மலையில இருக்கான். ஒரு பறவையைப் பார்க்கணும்னு உக்காந்திருக்கான்."

"அவனுக்கு வேற வேலை ஏது," என்றாள். பிறகு, "சரி, சிமெண்ட்டுக்குச் சொல்லிடவா?"

மடியில் இருந்த குழாயின் உறையைச் சரிசெய்தேன்.

"சொல்லிடு," என்றேன்.